புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளையின் தைரொயிட்டைப் பார்த்துக்கொள்வது எப்படி

என் மூத்தவளின் பள்ளிச் சட்டை இரண்டு வருடமாக அவளுக்கு அளவாகவே இருந்தது. பள்ளிக்கூடத்தில் தந்த சீருடைத் துணியைத் தைக்கக் கொடுக்காமல் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டு, நல்லது, அடுத்த வருடத்துக்கு ஆகும் என்று நினைத்த தாய் நான். ஏழு வயதில் சிறுமூளையில் கட்டி வந்து, அதை வெட்டி எடுத்து, தலைக்கும் முள்ளந்தண்டுக்கும் கதிர்ச்சிகிச்சை கொடுத்து, கீமோவும் ஏற்றி முடித்து அவளை விசுவமடுவுக்குக் கூட்டிக்கொண்டு வந்து அப்போது மூன்றாவது வருடம். பிள்ளை உயிரோடு முற்றத்தில் நிற்கிறாள் என்பதைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தோன்றாத காலம் அது. நித்திரை கூடிப்போனது, கணக்கில் பின்தங்கினாள், கிழமைக்கு இரண்டு தடவைதான் மலம் போனது, நல்ல வெயிலிலும் போர்வை கேட்டாள். ஆசிரியர் பஞ்சி என்றார். அம்மம்மா நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். கீமோவின் களைப்பு இன்னும் போகவில்லை என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தைரொயிட் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோதும் பாதிச் சோதனைதான் நடந்தது, அதைக் கீழே சொல்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் இருந்து மகரகம, தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்கோ, கடன்பட்டு வேலூர், அடையாறு என்று இந்தியாவுக்கோ பிள்ளையைக் கொண்டு ஓடிய பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்களுடைய சிக்கல் என்னவென்றால், கதிர் கொடுத்த டொக்டருக்குப் பிள்ளை இப்போது எப்படி வளர்கிறாள் என்று தெரியாது, இங்கே காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் பார்க்கிற டொக்டருக்கு அங்கே எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் கொடுத்தார்கள் என்று தெரியாது, இரண்டு பேருக்கும் நடுவில் 300 கிலோமீற்றருக்கு மேல் வீதி கிடக்கிறது. அந்த இரண்டு முனையையும் முடிச்சுப் போடுவது தாயும் தகப்பனும்தான். அதற்கு ஒரு கடதாசியும், வருடத்தில் ஒரு தடவை கொஞ்சம் இரத்தமும் போதும்.

இந்தச் சுரப்பி என்ன செய்கிறது

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, வண்ணத்துப்பூச்சி செட்டை விரித்தது போல இருக்கிறது தைரொயிட். அது ரி4 (T4), ரி3 (T3) என்ற இரண்டு ஹோர்மோன்களைச் சுரக்கிறது. உடம்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும், இதயம் எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும், எலும்பு எவ்வளவு வளர வேண்டும், குடல் எவ்வளவு அசைய வேண்டும் என்பதெல்லாம் இந்த ஹோர்மோனின் கையில் இருக்கிறது. இதற்கு மேலே ஒரு கங்காணி உண்டு. மூளைக்கு அடியில் இருக்கும் கபச் சுரப்பிதான் (பிற்றியூட்டரி) அது. இரத்தத்தில் ரி4 குறைந்தால் கபச் சுரப்பி ரி.எஸ்.எச் (TSH) என்ற ஹோர்மோனைக் கூட்டி அனுப்பி, சுரந்து தள்ளு என்று தைரொயிட்டை நெருக்கும். ரி4 கூடினால் ரி.எஸ்.எச்-ஐக் குறைக்கும். இது விளங்கினால் ரிப்போர்ட்டைப் பார்க்கப் பாதிப் பயம் போய்விடும், ஆகவே ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசியுங்கள்.

கழுத்துக்குக் கதிர் பட்டால் சுரப்பியே பழுதாகலாம். அப்போது ரி4 குறையும், ரி.எஸ்.எச் ஏறும். தலைக்குக் கதிர் பட்டால் கங்காணி பழுதாகலாம். அப்போது ரி4 குறைந்திருந்தும் ரி.எஸ்.எச் ஏறாது, சாதாரண அளவிலேயே நிற்கும், அல்லது குறைந்துகூட இருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது. ஒரு கிளினிக்கில் என் வற்புறுத்தலுக்காக ரி.எஸ்.எச் மட்டும் எடுத்துப் பார்த்து, எல்லாம் நோர்மல், பிள்ளைக்குச் சத்துச் சாப்பாடு கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் அதை நம்பினேன். பிறகு வேறொரு டொக்டர் பிள்ளையின் தலையில் இருந்த தழும்பைப் பார்த்து, கதிர் கொடுத்ததா என்று கேட்டு, ஃப்ரீ ரி4-ஐயும் (புரதத்தோடு ஒட்டாமல் இரத்தத்தில் தனியாகத் திரியும் ரி4) சேர்த்து எடுக்கச் சொன்னார். அது நன்றாகக் குறைந்து கிடந்தது. அந்த எட்டு மாதம் அவள் வளரவேண்டிய எட்டு மாதம்.

அதனால் முதல் வேலையாக இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: தலைக்குக் கதிர் பட்ட பிள்ளைக்கு ரி.எஸ்.எச் மட்டும் எடுத்தால் போதாது, ஃப்ரீ ரி4 கட்டாயம் வேண்டும்.

எந்தப் பிள்ளைக்கு இது முக்கியம்

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆபத்து இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கீமோ மட்டும் பெற்று முடித்த பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தைரொயிட் பழுதாகும் ஆபத்து குறைவு. இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் இன்று பலருக்குத் தலைக்குக் கதிரே கொடுப்பதில்லை. அப்படியான பிள்ளையின் தாய் இதை வாசித்துவிட்டு இரவு நித்திரை இல்லாமல் கிடக்கத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவர்கள் இவர்கள். ஹொட்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காகக் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கதிர் பெற்றவர்கள், மூக்குக்குப் பின்பக்கமோ முகத்திலோ கழுத்திலோ கட்டி வந்து கதிர் பெற்றவர்கள், மூளைக்கட்டிக்குத் தலையோடு முள்ளந்தண்டுக்கும் கதிர் பெற்றவர்கள் (முதுகுக்குக் கொடுக்கும் கதிர் முன்பக்கமாக வெளியேறும் வழியில் தைரொயிட்டையும் தொட்டுவிட்டுப் போகும், இது பலருக்குத் தெரியாது), எலும்பு மச்சை மாற்றுக்கு முன் முழு உடம்புக்கும் கதிர் பெற்றவர்கள், நியூரோபிளாஸ்ரோமா என்ற நரம்புக் கலப் புற்றுநோய்க்காக எம்.ஐ.பி.ஜி என்ற கதிர்வீசும் அயடீன் மருந்து ஏற்றப்பட்டவர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்குத் தைரொயிட்டைக் காப்பாற்ற முன்கூட்டியே அயடீன் சொட்டோ குளிசையோ கொடுப்பார்கள், கொடுத்தாலும் சில பிள்ளைகளில் சுரப்பி பழுதாகிறது.

கதிரின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். அளவைக் கிரே என்ற அலகில் எழுதுவார்கள். தைரொயிட்டில் 10 கிரே அளவைத் தாண்டும்போதே கவனம் வேண்டும், 20-ஐத் தாண்டினால் இன்னும் கூட. மூளையின் அடிப்பகுதிக்கு 30 கிரேயும் அதற்கு மேலும் பட்டால் கங்காணிச் சுரப்பி பழுதாகும் வாய்ப்புக் கூடும். பெண்பிள்ளைகளுக்கு ஆபத்துச் சற்று அதிகம். பலருக்கு முதல் ஐந்து வருடத்துக்குள் தெரியவரும், சிலருக்கு இருபது வருடம் கழித்தும் வரும். ஐந்து வருடம் தாண்டிவிட்டது, இனி ஒன்றும் வராது என்று கிளினிக்கை விடக்கூடாது என்பது இதனால்தான்.

இன்னொன்று. பிறந்தவுடன் குதிக்காலில் குத்தி எடுத்த சோதனையில் தைரொயிட் நல்லதென்று வந்ததே என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். அது பிறவியிலேயே குறை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. பின்னால் பட்ட கதிரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கடதாசியைக் கையில் எடுங்கள்

2009-இல் எங்களில் எத்தனையோ பேர் பிறப்புச் சான்றிதழையே பதுங்குகுழிக்குள் விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரு கடதாசி இல்லாமல் போனால் என்ன பாடு என்று வன்னியாருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அப்படி இருந்தும் பிள்ளையின் டயக்னோசிஸ் கார்ட்டை (ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது தரும் நோய் விபரக் கடதாசி) எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறோம்.

சிகிச்சை முடித்து வெளியேறும்போது, அல்லது அடுத்த தடவை கிளினிக் போகும்போது, கேட்டு எழுதி வாங்குங்கள். நோயின் பெயர், கதிர் கொடுத்த இடம், மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தடவையாகப் பிரித்துக் கொடுத்தது, தொடங்கிய திகதி, முடித்த திகதி, கீமோ மருந்துகளின் பெயர்கள். கதிர்ச்சிகிச்சைப் பிரிவில் தனியாக ஒரு சுருக்கம் வைத்திருப்பார்கள், வார்ட்டில் தரும் கார்ட்டில் அது முழுதாக இருக்காது, ஆகவே இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். சிங்களம் தெரியாது என்று கூச்சப்பட்டுத் திரும்பி வராதீர்கள். கேட்க வேண்டியதை ஒரு துண்டில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்து நீட்டினாலே போதும், நான் அப்படித்தான் வாங்கினேன். வாங்கியதை மூன்று போட்டோக்கொப்பி எடுத்து ஒன்றைச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். போனில் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் மாமாவுக்கோ சித்திக்கோ அனுப்பிவிடுங்கள், போன் தண்ணீரில் விழுந்தாலும் அது அங்கே இருக்கும். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவு திறந்து வெள்ளம் வந்தபோது எங்கள் ஃபைல் பொலித்தீன் பைக்குள் இருந்ததால் தப்பியது.

எப்போது சோதிப்பது, எப்படிச் சோதிப்பது

மேலே சொன்ன கூட்டத்தில் உங்கள் பிள்ளை இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவையாவது ரி.எஸ்.எச்சும் ஃப்ரீ ரி4-உம் எடுக்க வேண்டும். வேகமாக வளரும் வயதிலும், முதல் சில வருடங்களிலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்லும் டொக்டர்கள் உண்டு, அதை அவர்கள் முடிவுக்கு விடுங்கள். நாங்கள் ஓகஸ்ட் விடுமுறையைப் பிடித்துக்கொண்டோம். மழை இல்லை, வீதி காய்ந்திருக்கும், பள்ளிக்கூடமும் இல்லை. காலபோக நெல் வெட்டு நேரத்தில் கிளினிக் திகதி வந்தால் தவறிப்போகும், அது எங்களுக்கு நடந்திருக்கிறது.

சோதனைக்கு வெறுவயிறு தேவையில்லை. காலையில் எடுப்பது நல்லது, ஏனென்றால் ரி.எஸ்.எச் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்காது, ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுத்தால் ஒப்பிடச் சுலபம். பிள்ளை ஏற்கனவே தைரொட்சின் (குறைந்த ரி4-க்குப் பதிலாகக் கொடுக்கும் ஹோர்மோன்) குளிசை குடிக்கிறதென்றால் அன்று காலைக் குளிசையை இரத்தம் எடுத்த பிறகு கொடுங்கள், முதலில் கொடுத்துவிட்டால் ரி4 கூடிக் காட்டும். முடி வளர, நகம் வளர என்று விற்கிற பயோட்டின் குளிசை கொடுப்பவர்கள் குறைந்தது இரண்டு நாளைக்கு முன்பே நிறுத்தி, அதை டொக்டரிடமும் சொல்லுங்கள். அது சோதனையையே பிழையாகக் காட்டவைக்கும்.

அருகில் இருக்கும் ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனை செய்யாவிட்டால் இரத்தத்தை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று முதலில் கேளுங்கள். தனியாரிடம் காசு கட்டி எடுக்கும் நிலை வந்தால், வருடாவருடம் ஒரே இடத்தில் எடுங்கள். காரணம் இருக்கிறது. ஃப்ரீ ரி4-ஐ ஒரு ஆய்வுகூடம் ஒரு அலகில் தரும், இன்னொன்று வேறு அலகில் தரும். ஒரு இடத்தில் 1.2 என்று வந்தது மறு இடத்தில் 15 என்று வரும், இரண்டும் ஒரே அளவுதான். முதல் அலகில் உள்ள எண்ணை 12.9-ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். என் அயலில் ஒரு தாய் பிள்ளைக்குப் பத்து மடங்கு ஏறிவிட்டது என்று அழுதுகொண்டு வந்தார், அலகுதான் மாறியிருந்தது. எண்ணை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அலகையும், அந்த ஆய்வுகூடத்தின் சாதாரண எல்லையையும் சேர்த்துப் பாருங்கள். ரி.எஸ்.எச் பெரும்பாலும் 0.5-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும், சிறு குழந்தைகளுக்குச் சற்று மேலே போகலாம்.

ரி.எஸ்.எச் 6, 7 என்று கொஞ்சம் ஏறி, ரி4 சரியாக இருந்தால் பெரும்பாலும் சில கிழமை கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அது டொக்டரின் அலட்சியம் இல்லை. 10-ஐத் தாண்டி அங்கேயே நின்றால், அல்லது ரி4 குறைந்தால், மருந்து தொடங்குவது பற்றிக் கதைப்பார்கள்.

சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது வரும் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வார்ட்டில் காய்ச்சலும் கிருமித்தொற்றுமாகப் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தைரொயிட் எடுத்தால் ரி3 குறைந்து, சிலவேளை ரி4-உம் குறைந்து வரும். உடம்பு சுகமில்லாத நேரத்தில் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிற விதம் அது, சுரப்பியின் பழுது என்று எடுத்துவிடக்கூடாது. பிரெட்னிசொலோன், டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டெரொயிட்டுகள் ரி.எஸ்.எச்-ஐ இறக்கும். இரத்தப் புற்றுநோய்க்குப் போடும் அஸ்பராஜினேஸ் ஊசி, ஹோர்மோனைச் சுமந்து திரியும் புரதத்தைக் குறைப்பதால், மொத்த ரி4 தாழ்ந்து காட்டும். ஊசி முடிய அது தானாக மேலே வரும். இந்த நேரத்து ரிப்போர்ட்டை வைத்துப் பயப்படாமல், பிள்ளை தேறிய பிறகு எப்போது திரும்ப எடுப்பது என்று கேளுங்கள்.

கண்ணால் பார்க்கக் கூடியவை

வருடத்துக்கு ஒரு தடவைதான் இரத்தம், மற்ற நாளெல்லாம் வீட்டில் இருப்பவரின் கண்தான். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வெறுங்காலோடு, குதிக்காலும் முதுகும் நிலையில் ஒட்ட, தலைக்கு மேல் ஒரு கொப்பியைச் சமமாக வைத்து அளங்கள். திகதியும் எழுதுங்கள். நாலு வயதுக்கும் பருவமடையும் வயதுக்கும் இடையில் பிள்ளை வருடத்துக்கு ஏறக்குறைய 5, 6 சென்ரிமீற்றர் வளர வேண்டும். 4-க்குக் கீழே போனால் அடுத்த கிளினிக் மட்டும் காத்திருக்க வேண்டாம். தலைக்குக் கதிர் பட்ட பிள்ளைக்கு வளர்ச்சி ஹோர்மோனும் குறைந்திருக்கலாம், முள்ளந்தண்டுக்குப் பட்டதால் முதுகெலும்பின் வளர்ச்சியும் குறையலாம், ஆகவே எல்லாவற்றையும் தைரொயிட் தலையில் போடவும் கூடாது. வளர்ச்சி ஹோர்மோன் ஊசி தொடங்கினால் மறைந்திருந்த தைரொயிட் குறை வெளியே வருவதும் உண்டு, அப்போது திரும்ப ஃப்ரீ ரி4 பார்க்க வேண்டும்.

மற்ற அறிகுறிகளை என் பிள்ளையைக் கொண்டே மேலே சொல்லிவிட்டேன். அதோடு முகம் ஊதுவது, தோல் வறள்வது, சாப்பாடு குறைந்தும் நிறை கூடுவது, குரல் கரகரப்பது, பருவமடைவது பிந்துவது, வந்த மாதவிடாய் கூடுதலாகப் போவது. மெல்ல மெல்ல வருவதால் ஒரே வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற சித்திதான் முதலில் கண்டுபிடிப்பார். பழைய படத்தோடு இன்றைய முகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு எதிர்மாறாக, நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நிறை குறைவு, காரணமில்லாத கோபம், வியர்வை என்று வந்தாலும் தைரொயிட்தான் கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

கழுத்தையும் பாருங்கள். பிள்ளையை வெளிச்சத்தில் இருத்தி, நாடியைக் கொஞ்சம் உயர்த்தி ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். விழுங்கும்போது ஏதாவது உருண்டை மேலே எழும்பி இறங்குகிறதா என்று பார்க்கலாம். கதிர் பட்ட தைரொயிட்டில் வருடங்கள் கழித்துக் கட்டி வரலாம், அதில் சில புற்றாகவும் இருக்கலாம், பெரும்பாலானவை அப்படி இல்லை. கட்டி தென்பட்டால் ஸ்கான் எடுத்து, தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் குத்திக் கலங்களை எடுத்துப் பார்ப்பார்கள். இரத்த ரிப்போர்ட் நல்லதாக இருக்கும்போதும் கட்டி இருக்கலாம் என்பதால், வருடாந்தக் கிளினிக்கில் டொக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்க்காவிட்டால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

குளிசை

தைரொட்சின் மலிவான, பழகிய மருந்து. குறைந்த ஹோர்மோனை வெளியே இருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். புற்றுநோய் மருந்து திரும்பத் தொடங்குகிறது என்று பிள்ளை பயப்படும், அந்தப் பயத்தை முதலில் எடுத்துவிடுங்கள்.

தலைக்குக் கதிர் பட்ட பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை. கபச் சுரப்பி பழுதானால் கோட்டிசோல் என்ற இன்னொரு ஹோர்மோனும் குறைந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் தைரொட்சினைத் தொடங்கினால் பிள்ளை ஆபத்தான நிலைக்குப் போகலாம். முதலில் கோட்டிசோல், குறைந்திருந்தால் அதற்கு மருந்து, அதற்குப் பிறகுதான் தைரொட்சின். கோட்டிசோல் பார்த்தீர்களா டொக்டர் என்று கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. தொடங்கிய நாட்களில் பிள்ளை வாந்தி எடுத்து, சோர்ந்து, தலைசுற்றி விழுந்தால் வீட்டில் வைத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

காலையில் எழும்பியதும் வெறுவயிற்றில், தண்ணீரோடு மட்டும். பிறகு அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணியும் சாப்பாடும். எங்கள் வீடுகளில் தடுமாறுகிற இடம் இதுதான். பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் குளிசையையும் பால்தேத்தண்ணியையும் ஒன்றாகக் கொடுத்துவிடுவோம். பால், சோயா, இரும்பு, கல்சியம் எல்லாம் இந்த மருந்தை உடம்புக்குள் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சமபோஷ, திரிபோஷ என்ற சத்துமாக்களில் சோயா இருக்கிறது, மெலிந்த பிள்ளைக்கென்று கிளினிக்கில் தருவதும் திரிபோஷதான். அதைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பின்னேரத்துக்கு மாற்றுங்கள். இரும்புக் குளிசையும் கல்சியக் குளிசையும் நாலு மணித்தியாலம் தள்ளி. சோயா மீற் கறி மத்தியானம் சாப்பிடலாம். காலையில் ஒருபோதும் சரிவராத வீடென்றால், இரவில், கடைசிச் சாப்பாட்டுக்கு மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டு, ஒரே நேரத்தில் நில்லுங்கள்.

கைக்குழந்தைக்குக் குளிசையை ஒரு கரண்டித் தண்ணீரில் நசித்து உடனே கொடுங்கள். பால்ப்போத்தலுக்குள் போட்டால் குழந்தை மிச்சம் விடும், மருந்தும் மிச்சம் போகும்.

ஒரு நாள் மறந்தால் அன்றே நினைவு வந்ததும் கொடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தால் டொக்டரைக் கேட்காமல் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். அளவை மாற்றினால், வேறு கம்பனிக் குளிசைக்கு மாறினால், ஆறு முதல் எட்டுக் கிழமை கழித்து இரத்தம் எடுக்க வேண்டும், அதற்கு முன் எடுத்தால் உண்மை நிலை தெரியாது. வலிப்புக்குக் கொடுக்கும் பீனைட்டோயின், கார்பமசெபின், சில இரத்தப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் இமாட்டினிப் போன்றவை தைரொட்சினின் தேவையைக் கூட்டலாம், ஆகவே புதிதாக எந்த மருந்து தொடங்கினாலும் இந்தக் குளிசையைக் காட்டுங்கள். பிள்ளை வளர வளர அளவும் மாறும். பக்கத்து வீட்டு ஆச்சி குடிக்கிற அளவோடு ஒப்பிட வேண்டாம், அவருடைய மீதிக் குளிசையையும் கொடுக்க வேண்டாம். ரிப்போர்ட் நல்லதாக வந்துவிட்டது என்று நிறுத்தவும் வேண்டாம், குளிசை குடிப்பதால்தான் அது நல்லதாக வந்தது.

தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் வீடு அடுப்பாகிவிடும். குளிசைக்கு வெக்கையும் ஈரமும் வெளிச்சமும் ஆகாது. மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு திரியாதீர்கள், அடுப்படித் தட்டிலும் வேண்டாம். வந்த பெட்டியிலேயே, வீட்டில் குளிர்ச்சியான மூலையில், நிலத்தோடு இருக்கும் அலுமாரியின் அடித்தட்டில் வைப்பது நல்லது. மாரிக்கு முன் இரண்டு கிழமைக்கு மேலதிகமாக எடுத்து வையுங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கென்று இரண்டு நாள் சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போனாலும் குளிசை பையில் இருக்க வேண்டும்.

உப்பும் மரவள்ளியும்

அயடீன் குறைந்தால்தானே தைரொயிட் வருகிறது, ஆனையிறவு உப்பைக் கூட்டிப் போட்டால் சரிதானே என்று கேட்கிறார்கள். அயடீன் குறைவால் வரும் கழலை வேறு, கதிர் பட்டுச் சுரப்பி பழுதானது வேறு. இலங்கையில் 1995-இல் இருந்து சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். வீட்டில் அந்தப் பொட்டல உப்பை அளவாகப் போட்டால் போதும், கிடைக்கிறபோது முல்லைத்தீவு மீனும் சாப்பிட்டால் நல்லது. மேலதிகமாக அயடீன் சொட்டு, கடற்பாசிக் குளிசை என்று வாங்கிக் கொடுப்பது பழுதான சுரப்பியை இன்னும் குழப்பும். மரவள்ளி, கோவா சாப்பிடலாமா என்றால், நன்றாக அவித்து, அயடீன் உப்போடு, சாதாரண அளவில் சாப்பிடலாம். மரவள்ளியை மட்டும் மூன்று நேரமும் தின்கிற காலம் திரும்பவும் வரவேண்டாம்.

தைரொயிட்டிலேயே புற்றுநோய் வந்து சுரப்பியை எடுத்த பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு விடயம். உங்கள் பிள்ளைக்கு ரி.எஸ்.எச்-ஐ வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கச் சொல்லியிருக்கலாம், புற்று திரும்பாமல் இருக்க. இது தெரியாத ஒரு டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் குளிசை கூடிவிட்டது என்று குறைக்கக்கூடும். எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று சிகிச்சை செய்த டொக்டரிடம் எழுதி வாங்கி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். சுரப்பியோடு அதற்குப் பின்னால் இருக்கும் சின்னச் சுரப்பிகளும் பாதிக்கப்பட்டிருந்தால் கல்சியம் குறையும். வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் விறைப்பு, கை இழுப்பது போன்றவை வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என் மூத்தவள் குளிசை தொடங்கி இரண்டாவது மாதம் வயிறு சரியாகப் போகத் தொடங்கியது, மூன்றாவது மாதம் பின்னேரத்தில் படுக்காமல் தங்கையோடு கிளித்தட்டு விளையாடினாள். பெட்டிக்குள் கிடந்த துணி இரண்டையும் தைக்கக் கொடுத்தேன். இப்போது அவளுக்குப் பதினாறு. ஃபைலை அவளிடமே கொடுத்திருக்கிறேன், எத்தனை கிரே என்று கேட்டால் அவளே சொல்வாள். பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் நாளைக்குக் கலியாணம் செய்து பிள்ளை தங்கினால், தங்கியது தெரிந்த கிழமையே ரி.எஸ்.எச்சும் ஃப்ரீ ரி4-உம் பார்க்க வேண்டும், தைரொட்சின் அளவையும் பெரும்பாலும் கூட்ட வேண்டிவரும், அந்த நேரத்தில் மருத்துவமாதுவிடம் இந்தக் கதையை நான் பக்கத்தில் இல்லாமல் அவள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.